சென்னையில் நடையைக் கலையாகப் பழக: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காலையில் மெரினாவில் கைவீசி நடப்பவர்கள் உடம்புக்காக நடக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் டவுனில் குழுவாகப் போய்ப் பழைய கட்டடங்களின் கதை கேட்பவர்கள் ஊரைத் தெரிந்துகொள்ள நடக்கிறார்கள். இரண்டுமே நல்ல காரியம். இங்கே சொல்லப்போவது மூன்றாவது ஒரு நடை. எந்த வழியில் போனீர்கள், எங்கே நின்றீர்கள், எதைக் கவனித்தீர்கள், எதைப் பார்த்துத் திரும்பினீர்கள் என்பதுதான் இங்கே படைப்பு. வீட்டுக்கு வந்து வரைவதும் எழுதுவதும் அதன் மிச்சம்.

1967-ல் லண்டனில் கலை மாணவராக இருந்த ரிச்சர்ட் லாங், ஒரு புல்வெளியில் ஒரே நேர்கோட்டில் முன்னும் பின்னுமாகத் திரும்பத் திரும்ப நடந்தார். மிதிபட்ட புல் ஒரு கோடாகத் தெரிய ஆரம்பித்ததும் அதைப் புகைப்படம் எடுத்தார். அவ்வளவுதான் அந்தப் படைப்பு. ஆன் கவாரா என்ற ஜப்பானியக் கலைஞர் 1968 முதல் 1979 வரை, தான் இருந்த ஊரின் வரைபட நகலில் அன்றன்று போய்வந்த வழியைச் சிவப்பு மையால் கோடிட்டு வைத்தார். இவற்றைக் கூர்ந்து பார்த்தால் மூன்று விஷயங்கள் தெரியும். கிளம்பும் முன்பே போட்டுக்கொண்ட ஒரு விதி, அந்த விதிப்படி ஒரு நடை, நடந்ததற்கு ஒரு தடம். இந்த மூன்றும் இருந்தால் போதும்.

மூன்றில் எது முக்கியம் என்று கேட்டால் விதி என்றுதான் சொல்வேன். விதி இல்லாமல் கிளம்பினால் கால் தனக்குப் பழகிய பக்கமே போகும். கண்ணும் ஏற்கெனவே அழகு என்று சொல்லிக்கொடுக்கப்பட்டதையே தேடும். விதி ஒன்று இருந்தால் நீங்கள் நினைத்தே பார்க்காத தெருவில் கொண்டுபோய் நிறுத்தும்.

நம் ஊருக்கு இது அந்நியமான விஷயமும் இல்லை. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். போகும் திசை, வழி, நிற்கும் இடங்கள் எல்லாம் வகுக்கப்பட்டவை. மயிலாப்பூரில் மார்கழி விடியலில் பாபநாசம் சிவன் பஜனை பாடியபடி மாட வீதிகளைச் சுற்றி வந்தார். பங்குனியில் அறுபத்துமூவர் அதே வீதிகளில் வருகிறார்கள். பக்தி வேறு, கலை வேறு என்று யாராவது வாதாடினால் நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் வழியும் திசையும் வேகமும் வகுத்துக்கொண்டு நடப்பது என்றால் என்னவென்று இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம்.

கிளம்பும் முன்

காலைக் கடிக்காத செருப்பு அல்லது ஷூ, சட்டைப் பையில் அடங்கும் நோட்டு, பென்சில், ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பியோ குடையோ, சில்லறை. பேனாவைவிடப் பென்சில் மேல், வியர்வை பட்டாலும் மழைத்துளி பட்டாலும் எழுத்து கலையாது. போனை எடுத்துப்போங்கள், ஆனால் டேட்டாவை அணைத்துவிட்டுப் பையில் போடுங்கள்.

நேரம்தான் சென்னையில் பெரிய விஷயம். மே, ஜூனில் சூரியன் 5.45 வாக்கில் உதித்துவிடும், ஜனவரியில் 6.30 ஆகும். விடிந்ததிலிருந்து எட்டரை மணி வரை நல்ல நேரம். அப்புறம் மாலை நான்கரைக்கு மேல், கடற்காற்று ஊருக்குள் வந்த பிறகு. கத்திரி வெயிலில் பகல் நடை வேண்டவே வேண்டாம். தலை சுற்றினால் விதியை அங்கேயே விட்டுவிட்டு நிழலுக்குப் போய் உட்காருங்கள், மோரோ உப்புச் சர்க்கரைக் கரைசலோ குடியுங்கள். அரை மணியில் சரியாகவில்லை என்றாலோ, வெயிலில் வியர்வை நின்றுபோனாலோ வீட்டுக்குப் போகாமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

தூரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சாதாரணமாக மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் நடக்கிற ஆள், இந்த நடையில் இரண்டு கிலோமீட்டர் போனாலே அதிகம்.

இன்னொன்றையும் முன்பே தயார் செய்துகொள்ளுங்கள்: “என்ன பண்றீங்க?” என்று கேட்பவருக்குச் சொல்ல ஒரு வாக்கியம். தெருவில் நின்று நோட்டில் எழுதுகிறவரைப் பார்த்தால் சென்னைவாசிகளுக்கு முதலில் வரும் சந்தேகம் “மெட்ரோவா, கார்ப்பரேஷனா?” என்பதுதான். வீட்டு வரி, இடம் எடுப்பது, சாலையை அகலப்படுத்துவது, கணக்கெடுப்பு என்று நோட்டுக்குப் பின்னால் வந்த கஷ்டங்களை மக்கள் பார்த்திருக்கிறார்கள். அதனால் “சும்மாதான்” என்று மழுப்பக் கூடாது. “இந்தத் தெருவைப் பத்தி எழுதறேங்க, சொந்தமா, எந்த ஆபீஸுக்கும் இல்ல” என்று சொல்லி நோட்டைத் திறந்து காட்டுங்கள். காட்ட முடியாத எதையும் நோட்டில் எழுதாதீர்கள். கடலோரக் குப்பங்களிலும் வாரியக் குடியிருப்புகளிலும் இதை இரண்டு மடங்கு கவனமாகக் கடைப்பிடிக்க வேண்டும். அங்கே வீட்டு வாசலும் திண்ணையும் தெருவும் ஒன்றுதான், நீங்கள் நிற்பது ஒருவருடைய கூடத்தில். ‘வேணாம்’ என்று ஒருவர் சொன்னால் அன்றைய நடை அங்கே முடிந்தது.

முதல் நடை: நான்கு மாட வீதிகள்

புதிதாகத் தொடங்குபவர்கள் மயிலாப்பூரில் ஆரம்பிப்பது நல்லது. பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்கினால் மாட வீதிக்கு நடந்தே வந்துவிடலாம். வழி தவற வாய்ப்பில்லை, எந்நேரமும் ஆள் நடமாட்டம் உண்டு, உட்கார இடம் கிடைக்கும், காபி கிடைக்கும். மெட்ரோ பணிக்கான தடுப்புகள் எதிர்ப்பட்டால் சுற்றிக்கொண்டு போங்கள், அந்தச் சுற்றும் நடையில் சேர்ந்ததுதான்.

தெற்கு மாட வீதியும் கிழக்கு மாட வீதியும் சந்திக்கும் முனையில் நில்லுங்கள். கபாலீசுவரர் கோயில் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி தெற்கு மாட வீதியில் மேற்கு நோக்கி நடக்கத் தொடங்குங்கள். விதி இதுதான்: நூறு காலடி எண்ணுங்கள், நில்லுங்கள், வலக்கைக்கு மிக அருகில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றி ஒரே வரி எழுதுங்கள், மறுபடி நூறு அடி. புகைப்படம் கிடையாது. எங்கே நிற்பது என்பதை எண்ணிக்கை முடிவு செய்யட்டும்.

ஏன் எண்ணிக்கை? விருப்பப்படி நின்றால் எல்லோரும் கோபுரத்தின் முன்னாலும் பூக்கடையின் முன்னாலும் தெப்பக்குளத்துப் படிக்கட்டிலும்தான் நிற்பார்கள். ஆயிரக்கணக்கான படங்களில் ஏற்கெனவே உள்ள காட்சிகள் அவை. எண்ணி நின்றால் நோட்டில் வருவது இப்படி இருக்கும்: “வெண்டைக்காய்க் கூடைக்கு அடியில் ஈரச் சாக்கு.” “மூடிய கடை, ஷட்டருக்கு மூன்று பூட்டு.” “மின்பெட்டியில் பாதி கிழிந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.” “ஒரு வீட்டுப் படி, நடுவில் மட்டும் தேய்ந்து பள்ளம்.” ஒரு சுற்று முடியும்போது பக்கம் நிறைந்திருக்கும். அதை அப்படியே வரிசை மாற்றாமல் வாசித்துப் பாருங்கள். நீங்கள் திட்டமிட்டு எழுதியிருந்தால் அதில் பாதி வரிகூட வந்திருக்காது.

தெற்கு மாட வீதியில் காய்கறிக்காரர்கள் இருப்பார்கள், அங்கே நூறு அடி எண்ணுவதே பாடு. யாராவது குறுக்கே வந்து எண்ணிக்கை விட்டுப்போகும். விட்டால் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். மேற்கு மாட வீதிக்குத் திரும்பியதும் குளம் வலப்பக்கம் வரும். பொருள்கள் குறைந்து வானம் அதிகமாகும். அந்தப் பக்கத்தில் எழுதும் வரிகள் தானாகவே நீளம் குறைந்துபோவதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். வடக்கு மாட வீதியில் நவராத்திரிக்கு முன்பு போனால் நடைபாதை முழுக்க கொலு பொம்மைகள். நூறாவது அடி எந்தப் பொம்மைக்கு முன் விழுகிறதோ அதுதான் உங்களுக்கு.

இன்னொரு நாள் இதே சுற்றை எதிர்த்திசையில் நடங்கள். கோயிலை இடமாகச் சுற்ற மனம் ஒப்பாதவர்கள் அதற்குப் பதிலாக அதே திசையில், முழங்காலுக்குக் கீழே உள்ளதை மட்டும் எழுதலாம். அல்லது முதல் மாடிக்கு மேலே உள்ளதை மட்டும். மேலே பார்த்து நடப்பதென்றால் எழுதும்போது நின்று பாருங்கள், நடந்துகொண்டே பார்க்காதீர்கள். நம் நடைபாதைகளில் மூடி இல்லாத குழிகள் உண்டு, பைக்குகளும் ஏறிவரும்.

விதியை எப்படிப் போடுவது

நல்ல விதிக்கு மூன்று அடையாளம். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். எங்கே திரும்புவது என்று அது சொல்லும். எப்போது முடிப்பது என்றும் சொல்லும். மூன்றாவதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். முடிவு இல்லாத விதி அலுப்பில்தான் முடியும். சென்னைக்கென்றே பொருந்திய சிலவற்றைச் சொல்கிறேன்.

மார்கழியில் கோல விதி. காலை ஆறு மணிக்கு மேற்கு மாம்பலத்திலோ திருவல்லிக்கேணியிலோ நங்கநல்லூரிலோ கிளம்புங்கள். வெள்ளைக் கோலத்தைக் கடந்தால் நேரே போங்கள். வண்ணக் கோலம் எதிர்ப்பட்டால் அடுத்து வரும் தெருவில் இடப்பக்கம் திரும்புங்கள். கோலமே இல்லாத முழுத்தெரு வந்தால் நடை முடிந்தது. எட்டு மணிக்குள் முடிக்கப் பாருங்கள், அதற்குப் பிறகு வண்டிச் சக்கரங்கள் பாதிக் கோலங்களை அழித்துவிடும். மிதிக்காமல் வளைந்து போவதால் உங்கள் பாதையே ஒரு நெளிவாக அமையும். அந்த நெளிவை வீட்டுக்கு வந்து ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். கோலம் போட்டுக்கொண்டிருக்கும் ஒருவரை மேலிருந்து எட்டிப் பார்த்து நிற்காதீர்கள், கடந்து போய்விடுங்கள்.

நிழல் விதி. நிழலில் மட்டுமே கால் வைக்க வேண்டும். நிழல் அறுந்தால் திரும்ப வேண்டும். திரும்பவும் வழியில்லை என்றால் முடிந்தது. பெசன்ட் நகர் குறுக்குத் தெருக்களில் தூங்குமூஞ்சி, வேம்பு, புங்கை என்று தொடர்ந்து நிழல் கிடைக்கும், நெடுந்தூரம் போகலாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்த பிறகு பல தெருக்களில் நிழல் துண்டு துண்டாகிவிட்டது. அங்கே இந்த விதிப்படி நடந்தால் எந்த மரம் எங்கே இருந்தது என்பதைக் கால் கண்டுபிடிக்கும். இரண்டு வீட்டு நிழலுக்கு நடுவே காரணமில்லாமல் ஒரு வெயில் சதுரம் இருந்தால் நடைபாதை ஓரத்தில் பாருங்கள், அடிமரம் இருக்கலாம், சிமென்ட் பூசிய வட்டம் இருக்கலாம்.

வழி கேட்கும் விதி. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சுரினாமில் பிறந்து ஆம்ஸ்டர்டாமுக்கு வந்த ஸ்டான்லி ப்ரவுன் 1960-களின் தொடக்கத்தில் தெருவில் போகிறவர்களை நிறுத்தி, ஓரிடத்துக்கு வழியைத் தாளில் வரைந்து தரச் சொன்னார். அந்தத் தாள்களே அவருடைய படைப்பு ஆயின. சென்னையில் இதைச் செய்ய ஆட்டோ ஸ்டாண்ட், இஸ்திரி வண்டி, டீக்கடை மூன்றையும் விட்டால் வேறு நல்ல இடமில்லை. “அந்த டீக்கடையாண்ட லெஃப்ட் எடுத்து, பிள்ளையார் கோயில் வரும் பாருங்க, அதுக்கு எதிர் சந்து” என்று வாயால் சொல்வார்கள். நோட்டையும் பென்சிலையும் நீட்டி “கொஞ்சம் வரைஞ்சு குடுங்கண்ணே” என்று கேளுங்கள். ஒருசிலர் தயங்குவார்கள். வரைகிறவர்கள் மிகுந்த அக்கறையோடு வரைவார்கள். தான் தினமும் நிற்கிற இடத்தைப் பெரிதாகவும் மற்றதைச் சின்னதாகவும் போடுவார்கள். டெலிவரி வேலை பார்க்கும் தம்பிகள் போனை நீட்டுவார்கள், அதையும் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

எதற்கு வழி கேட்பது என்பதில்தான் நுட்பம். பிரபலமான இடத்தைக் கேட்டால் பழகிய பதில் வரும். “பக்கத்துல பழைய கிணறு எதாவது இருக்கா?” என்று கேளுங்கள். “உக்கார நல்ல நிழல் எங்க இருக்கு?” என்று கேளுங்கள். அவர்கள் யோசிப்பார்கள், பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்கள், சின்ன வாக்குவாதம்கூட நடக்கும். வரைந்து கொடுத்ததை அப்படியே பின்பற்றுங்கள், தவறாக இருந்தாலும் சரி. நான்கு வழிப்படங்கள் சேர்ந்ததும் நடையை முடித்துக்கொள்ளுங்கள்.

ஐஸ் விதி. மெரினாவுக்கு எதிரே விவேகானந்தர் இல்லம் என்று இன்று அழைக்கப்படும் கட்டடம் 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்கக் கட்டப்பட்டது. சுற்றுவட்டாரத்துக்கு இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே பெயர். பெல்ஜியத்தில் பிறந்த பிரான்சிஸ் அலீஸ் 1997-ல் மெக்சிகோ நகரத் தெருக்களில் ஒரு பெரிய பனிப்பாளத்தை அது உருகித் தீரும்வரை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் தள்ளிக்கொண்டே போனார். இரண்டையும் சேர்த்து நீங்கள் சின்னதாக ஒன்று செய்யலாம். திருவல்லிக்கேணியில் ஒரு ஜூஸ் கடையில் கையளவு ஐஸ் வாங்கி ஒரு எவர்சில்வர் டம்ளரில் போடுங்கள். ஐஸ் ஹவுஸ் வாசலிலிருந்து கடலைப் பார்த்து நடங்கள். கட்டி முழுதும் கரைந்த இடத்தில் நின்று, தண்ணீரை அங்கேயே ஊற்றி, இடத்தையும் நேரத்தையும் எழுதுங்கள். காமராஜர் சாலையைச் சிக்னலில் மட்டும் கடக்க வேண்டும். சிவப்பு விளக்கில் காத்திருக்கும் நேரத்திலும் ஐஸ் கரைந்துகொண்டேதான் இருக்கும், அது கணக்கில் சேரட்டும். மே மாதம் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை என்று நடந்தால், இரண்டு ஈரத்துக்கும் இடையே உள்ள தூரம் சென்னையின் வெயிலை அளந்து காட்டும்.

எடுக்கக் கூடாத ஒரு விதி

நடைக்கலை பற்றிப் படிக்கத் தொடங்கினால் வீட்டோ அக்கோன்சியின் 1969 நியூயார்க் படைப்பு கண்ணில் படும். தெருவில் போகும் முன்பின் தெரியாத ஒருவரைத் தேர்ந்தெடுத்து, வீடு, அலுவலகம் போல வெளியாள் நுழைய முடியாத இடத்துக்குள் அவர் போகும்வரை பின்தொடர்வது. கலை வரலாற்றில் அதற்கு இடம் இருக்கிறது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். இந்த ஊரில் பெண்ணாக நடந்த எவருக்கும் பின்னால் வரும் காலடி என்றால் என்னவென்று தெரியும். யாரைப் பின்தொடர்ந்தாலும் அவருடைய நடையை அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறீர்கள். எதையாவது பின்தொடர்ந்தே ஆக வேண்டுமென்றால் மீன்பாடி வண்டியில் போகும் சரக்கின் சத்தத்தை, மல்லிகை வாசனையை, ஒரு மின்கம்பியைப் பின்தொடருங்கள்.

பெண்கள் தனியாகத் தொடங்குவதாக இருந்தால் காலை நேரத்தையும் கடைத் தெருக்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். நின்று எழுதுவதற்கு ஒரு கடைப் படியையோ பஸ் ஸ்டாப்பையோ தேர்ந்தெடுப்பது நல்லது. எங்கே போகிறீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். நான் பெரும்பாலும் ஒரு தோழியோடு போவேன், பத்தடி இடைவெளியில், பேசாமல். இரண்டு பேர் ஒரே விதியில் நடந்து, பிறகு நோட்டை மாற்றிக்கொண்டு படிப்பது தனியாக நடப்பதைவிடச் சுவையானது.

நீதிமன்ற வளாகம், துறைமுகம், கோட்டை, ரயில் நிலையம் போன்ற இடங்களில் கேமராவை எடுக்காதீர்கள், ஒலிப்பதிவும் வேண்டாம். நோட்டு போதும்.

தடம்

நடந்துவிட்டு வந்ததும் அன்றைக்கே உட்கார்ந்து எழுத வேண்டியவை: தேதி, கிளம்பிய நேரம், முடிந்த நேரம், விதி, போன வழி. இந்த ஐந்தும் இருந்தால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தாலும் அந்த நடை உயிரோடு இருக்கும். இல்லையென்றால் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் அது வெறும் குறிப்பு.

படத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு நடைக்கு ஒரு படம், அதுவும் விதி எங்கே முடிந்ததோ அந்த இடத்தில். நூறு படம் எடுத்தால் எடுப்பதில்தான் கவனம் போகும், வீட்டுக்கு வந்து அவற்றைத் திறந்தும் பார்க்க மாட்டீர்கள். படத்தைவிட நல்ல தடங்கள் நிறைய இருக்கின்றன. வரைபட நகலில் சிவப்புக் கோடு. டிரேசிங் பேப்பரில் ஒவ்வொரு நடைக்கும் தனித்தனியாகக் கோடு போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உங்கள் கால் எந்தத் தெருவுக்குத் திரும்பத் திரும்பப் போகிறது, எதைத் தொடவே இல்லை என்று தெரியும். தொடாத தெருக்கள்தான் அடுத்த நடை.

எழுத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஆற்றுப்படையைச் சொல்வேன். வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் ஏழைப் பாணனுக்கு வழி சொல்வதுதான் அந்தச் சங்கப் பாடல் வகை. எந்த நிலத்தைக் கடக்க வேண்டும், அங்கே யார் இருப்பார்கள், என்ன சோறு போடுவார்கள் என்று வழியெங்கும் உள்ளதை விரிவாகச் சொல்வான். நீங்கள் நடந்த வழியை அப்படி ஒரு நண்பரை ‘நீ’ என்று விளித்து எழுதிப் பாருங்கள்: “மேம்பாலத்துக்குக் கீழே போ. பஞ்சர் கடையில் ஒரு பெரியவர் இருப்பார், தண்ணீர் கேட்டால் குடத்திலிருந்து மொண்டு தருவார். அதைத் தாண்டி நாய்கள் படுத்திருக்கும், ஓடாதே.” ‘நான் பார்த்தேன், நான் உணர்ந்தேன்’ என்பதெல்லாம் தானாகவே உதிர்ந்துவிடும். அந்த நண்பர் அதை வைத்துக்கொண்டு நடந்து பார்த்தால் உங்கள் படைப்பு முழுமை பெற்றது.

பெரிய நடை: இல்லாத ஏரியின் கரை

சின்ன விதிகள் பழகிவிட்டால் பல வாரங்களுக்கு நீளும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தி.நகர் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் ஏரி இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த நெடிய ஏரி. 1920-களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் உருவானது. ஏரி போய் நூறு ஆண்டு ஆகிறது, ஆனால் அதன் கரை பெயர்களில் இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா, டேங்க் பண்ட் சாலை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு. கரைக்குக் கரை இடையில் இன்று பட்டுக்கடையும் பாத்திரக்கடையும் ரங்கநாதன் தெருவும்.

முதலில் கன்னிமாரா நூலகத்துக்குப் போய் 1920-க்கு முந்தைய சென்னை வரைபடம் உள்ள புத்தகங்களைக் கேட்டுப் பாருங்கள். இணையத்திலும் பழைய வரைபடங்கள் கிடைக்கின்றன. ஏரியின் விளிம்பைப் பென்சிலால் ஒரு தாளில் படியெடுங்கள். இன்றைய தெருக்களோடு அது துல்லியமாகப் பொருந்தாது, பரவாயில்லை.

நுங்கம்பாக்கம் டேங்க் பண்ட் சாலையிலிருந்து கிளம்புங்கள். ஒவ்வொரு தெருமுனையிலும் பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். அது எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் நடங்கள். சாலையின் நடுப்பகுதி மேடாகவும் ஓரங்கள் தாழ்வாகவும் போடப்பட்டிருக்கும், அதனால் நடுவில் ஊற்றினால் ஏமாற்றும். ஓரத்தில், நடைபாதையின் விளிம்பை ஒட்டி ஊற்றிச் சற்று நேரம் காத்திருங்கள். அரை டம்ளர் போதும், வீணாக்க வேண்டியதில்லை. தண்ணீர் அசையாமல் நின்றால் அதையும் எழுதுங்கள். மழைக்காலத்தில் அங்கே வந்து பார்க்க வேண்டும்.

இந்த விதி உங்களை நேராகக் கொண்டுபோகாது. வள்ளுவர் கோட்டம் பக்கம் சுற்றும், உஸ்மான் ரோடு பக்கம் தள்ளும், முட்டுச்சந்தில் விடும். வள்ளுவர் கோட்டம் பகுதியிலிருந்து தி.நகர் வழியாக நந்தனம் பக்கம் போய் அடையாற்றில் சேரும் மாம்பலம் கால்வாய் அடிக்கடி எதிர்ப்படும். வாசனையே சொல்லிவிடும். ஏரி இல்லாவிட்டாலும் தண்ணீருக்குத் தன் பழைய வழி மறக்கவில்லை. 2021 நவம்பரில் தி.நகர்த் தெருக்களில் வெள்ளம் நின்றபோது அதைப் பார்த்தோம்.

ஒரே நாளில் முடிக்காதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், விட்ட முனையிலிருந்து மறுவாரம் தொடருங்கள். வயதானவர்களைக் கண்டால் மழைக்குத் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று கேளுங்கள். எவ்வளவு உயரம் ஏறியது என்று சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். அந்த உயரத்தை உங்கள் உடம்பால் அளந்து எழுதுங்கள்: முழங்கால், இடுப்பு, நெஞ்சு. அவர்கள் பெயரும் வீட்டு எண்ணும் வேண்டாம். மாம்பலம் ரயில் நிலையத்தில் தண்டவாளத்தை மேம்பாலத்தில் கடந்து லேக் வியூ ரோட்டை அடைந்ததும் நடை முடிகிறது. அம்புக்குறிகள் நிறைந்த நோட்டையும் பழைய ஏரியின் விளிம்பையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

நாலைந்து பேரோடு

1966-ல் மாக்ஸ் நியூஹாஸ் என்ற தாளவாத்தியக் கலைஞர், நிகழ்ச்சி கேட்க வந்தவர்களின் கையில் ‘கேள்’ என்ற சொல்லை முத்திரையாகக் குத்தி, அவர்களை நியூயார்க் தெருக்களுக்குள் அழைத்துப் போனார். கச்சேரிக்குப் பழகிய சென்னைக்கு இது நன்றாகப் பொருந்தும். ஆறு பேருக்கு மேல் வேண்டாம். கடற்கரை ரயில் நிலையத்தில் கூடி, பாரிமுனை வழியாக ஆண்டர்சன் தெரு, கோடௌன் தெரு, தங்கசாலைத் தெரு என்று பேசாமல் நடங்கள். காகிதம் வெட்டும் இயந்திரம், துணி மூட்டை தரையில் இழுபடுவது, மீன்பாடி வண்டிக்காரர் வழி கேட்டுப் போடும் சத்தம், கரும்பு ஜூஸ் இயந்திரத்தின் சலங்கை. முன்னால் போகிறவர் பாதையை முடிவு செய்வார். கடைசியில் வருபவர் எல்லோரும் பத்திரமாகக் கடந்துவிட்டார்களா என்று பார்ப்பார். ஒரு வேலைநாளில் பதினோரு மணிக்கும், ஒரு ஞாயிறு அதே நேரத்துக்கும் நடந்தால் ஒரே தெரு இரண்டு ஊராகக் கேட்கும். முடிந்ததும் டீ குடித்துக்கொண்டே, கேட்ட சத்தங்களை ஆளுக்கொன்றாகச் சொல்லுங்கள், யாராவது ஒருவர் எழுதிக்கொள்ளட்டும்.

செய்ததை எங்கே காட்டுவது என்று சீக்கிரமே கேள்வி வரும். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமி இருக்கிறது, 1966-ல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. அங்கே நடக்கும் கண்காட்சிகளைப் போய்ப் பாருங்கள், மற்றவர்கள் தாளையும் சுவரையும் எப்படிக் கையாளுகிறார்கள் என்று தெரியும். ஆனால் உங்கள் நடையை முதலில் காட்ட வேண்டியது அந்தத் தெருக்காரர்களுக்கு. வழி வரைந்து கொடுத்த ஆட்டோ அண்ணனிடம் அவருடைய படத்தின் நகலைக் கொண்டுபோய்க் கொடுங்கள். கிணற்றைக் கண்டுபிடித்தீர்களா என்று அவர் கேட்பார், பதில் சொல்லுங்கள்.

எந்த மாதம் எது

மார்கழியில் கோலம். பங்குனியில் அறுபத்துமூவர் வரும் நாளில் மாட வீதியில் எண்ணி நடக்க முடியாது. அன்றைக்குக் கூட்டம் எங்கே தள்ளுகிறதோ அங்கே போவதுதான் விதி, நோட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் சென்னையில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது, நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு நிழல் விழாது. அந்த நாளில் பன்னிரண்டு அடித்துச் சில நிமிஷம் கழித்து வீட்டை விட்டு இறங்கி, உங்கள் நிழல் பாதத்துக்குள் அடங்குகிறவரை தெருவில் மெல்ல நடங்கள், பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். மே மாதத்தில் ஐஸ் டம்ளர், மாலையில்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஏரி நடையில் தண்ணீர் அசையாமல் நின்ற முனைகளுக்கு இப்போதுதான் திரும்பப் போக வேண்டும், ஆனால் மழை விட்டு, தரை கண்ணுக்குத் தெரிகிற அளவு வடிந்த பிறகு. தேங்கிய தண்ணீருக்குள் கால் வைக்காதீர்கள்: அடியில் வடிகால் மூடி திறந்திருக்கலாம், மின்கம்பி விழுந்திருக்கலாம். ஓரத்தில் நின்று, தண்ணீரின் விளிம்பு எந்த வீட்டு வாசல் வரை வந்திருக்கிறது என்று மட்டும் வரைந்துகொண்டு, நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடுங்கள்.